கேட்ட விலைக்கே

என் மனைவி கேட்ட விலைக்கே கடைக்காரர் பொருளைக் கொடுத்துவிட்டார். மூன்று வருடம் காசு சேர்த்து முதல்முறையாகக் கடல் தாண்டிப் போன எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த பெருந்துயரம் இதுதான்.

சிரிப்பவர்களுக்கு என் மனைவியைத் தெரியாது. எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் கல்யாணத்துக்குத் துணி எடுக்க, பாத்திரம் வாங்க என்று யார் கிளம்பினாலும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை இல்லாமல்கூடக் கடைக்குப் போவார்கள், அவள் இல்லாமல் போகமாட்டார்கள். பொருளில் மூன்று குறை சொல்வாள். சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்பாள். படியாவிட்டால் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பாள். ஆறாவது அடியில் பின்னாலிருந்து குரல் வரும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஏழாவது அடி வைத்ததில்லை.

நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன். மாத்திரை அட்டையில் அச்சடித்த விலைதான் விலை. அவள் பேரம் பேசும்போது யாரோ ஒருத்தர்போலப் பக்கத்துக் கடையில் வாளியை விலை விசாரித்துக்கொண்டு நிற்பேன்.

மூன்றாம் நாள் மதியம் சந்தைக்குப் போனோம். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கடைகள். ஒரு பீங்கான் கடையில் நீல நிற டீ செட்டைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம். மூடி ஆடுகிறது என்றாள், மூக்கு கோணல் என்றாள், ஒரு கோப்பை மட்டும் வெளிறியிருக்கிறது என்றாள். எல்லாம் தமிழில்தான், ஆனால் கடைக்காரருக்குப் புரிந்தது. அவர் கால்குலேட்டரில் தொள்ளாயிரம் என்று தட்டிக் காட்டினார். இவள் வாங்கி முந்நூறு என்று தட்டினாள். அவர் பார்த்தார், தலையை ஆட்டினார், செய்தித்தாளை விரித்துக் கோப்பைகளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

தோளில் ஏறிய பை பாதியில் நின்றது.

"உடனே குடுத்துட்டானே!" என்றாள், ஹோட்டல் அறைக்கு வந்ததும். "முந்நூறுக்கு யோசிக்காம குடுக்கிறான்னா அடக்கவிலை நூறுகூட இருக்காது. நூத்தம்பதுன்னு தட்டியிருக்கணும்."

"தொள்ளாயிரம் சொன்னான், முந்நூறுக்கு வாங்கிட்டே. அப்புறம் என்ன?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது. பேசாம இருங்க."

மறுநாள் கடலைப் பார்க்கப் படகில் போனோம். கடல் அந்தப் பக்கம் இருந்தது, அவள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் தட்டில் போட்ட சோற்றைக் கிண்டிக் கிண்டி வைத்தாள். ஒரு வாய் இறங்கவில்லை. "எனக்குப் பேரம் பேசுற கை போயிடுச்சு போல. ஊருக்குப் போனா இனிமே யாருக்கும் எதுவும் வாங்கித் தர வரமாட்டேன்னு சொல்லிடுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. இத்தனை வருடம் வாளி விலை விசாரித்த பாவம் சும்மா விடுமா?

ஐந்தாம் நாள் காலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, நானும் கல்லூரியில் படிக்கும் மகளும் சந்தைக்கு ஓடினோம். மகளின் போனில் தமிழில் பேசினால் அது அந்த ஊர்ப் பாஷையில் சொல்லும். கடைக்காரர் பேசினால் தமிழில் சொல்லும். முந்தாநாள் ஏன் உடனே கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது" என்றது போன்.

அடக்கவிலை இருநூற்று எண்பதாம். போய் அவளிடம் சொன்னால் நம்புவாளா? வியாபாரி என்றைக்கு உண்மையைச் சொன்னான் என்பாள். அதனால் வேறு வழி பார்த்தேன். சாயங்காலம் அந்த டீ செட்டுக்குத் தட்டு வாங்க அவளைக் கூட்டி வருகிறேன், சீக்கிரம் இறங்காதீர்கள், நடக்க விடுங்கள், ஆறாவது அடியில் கூப்பிடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்து இருநூறு என்று தட்டினார். நான் மருந்துக் கடை ஆள் அல்லவா, பர்ஸைத் திறந்து எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டவர் முகம் ஏனோ வாடியது. நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாயங்காலம் மனுஷர் பிரமாதப்படுத்திவிட்டார். தட்டுக்கு இருநூற்றைம்பது சொன்னார். இவள் எண்பது தட்டியதும் நெஞ்சில் கை வைத்தார். பிள்ளைகளின் போட்டோவைக் காட்டினார். பக்கத்துக் கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். என் மனைவியின் முகத்தில் இரண்டு நாளாகப் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது. தட்டின் விளிம்பு வளைந்திருக்கிறது என்றாள், பூவுக்கு இதழ் குறைகிறது என்றாள். கடைசியில் பையைத் தோளில் ஏற்றி நடந்தாள்.

நான் எண்ணினேன். நாலு, அஞ்சு, ஆறு. கூப்பிட வேண்டியவர், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் இன்னும் புலம்பிக்கொண்டிருந்தார். ஏழு. எட்டு. அவள் முதுகு தளர்வது தெரிந்தது. ஒன்பதாவது அடியில் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் முன்னால் பாய்ந்து, இரண்டு கையையும் தூக்கி, கூப்பிடு கூப்பிடு என்று ஆட்டினேன். அவர் பதறிப்போய்க் கத்தினார். அவள் திரும்பினாள். என் கை இரண்டும் அந்தரத்தில் இருந்தன.

திரும்பி வந்து, தொண்ணூறுக்கு முடித்துத் தட்டை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் மகள் பின் சீட்டுக்குத் தப்பித்துவிட்டாள். நான் எங்கே தப்பிக்க? நாலு நிறுத்தம் போனபிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு ஏன் உடனே குடுத்தானாம்?"

"சாப்பாடு ஆறிட்டிருந்துச்சாம். அடக்கவிலையே இருநூத்தி எண்பதாம்."

ஜன்னல் பக்கம் திரும்பி விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"அப்ப என் கை போகலை."

"போகலை."

"இன்னிக்குக் கூத்துக்கு எவ்வளவு கேட்டான்?"

"இருநூறு."

"நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

"இருநூறுதான்."

"கேட்டதும் எடுத்துக் குடுத்துட்டீங்களா?"

தலையை ஆட்டினேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் மடியிலிருந்த தட்டைத் தடவிக்கொண்டே, நிஜமான வருத்தத்தோடு சொன்னாள்:

"பாவங்க அந்த மனுஷன். இன்னிக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது."