தோளில் இருந்த கை

பன்னிரண்டு அடி பேனரில் இன்ஸ்பெக்டரின் நெற்றி மட்டும் அச்சாகி வெளியே வந்திருந்தது. பஞ்சர் கடைக்காரரின் மனைவி அந்த நேரம் பார்த்தா என் கடைக்குள் நுழைய வேண்டும்? இயந்திரத்தை நடுவில் நிறுத்தினால் படத்தில் கோடு விழுந்துவிடும். நிறுத்தாவிட்டால் அவள் கணவரைச் சுட்டுக் கொன்றவரின் முகம் அவள் கண்ணெதிரே முழுசாக வந்து நிற்கும்.

எழுந்து போய் நடுவில் நின்றுகொண்டேன். என் உடம்பு அகலம்தான், ஆனால் பன்னிரண்டு அடி இல்லை.

சுட்ட வாரம் ஊரே இன்ஸ்பெக்டரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. திருட்டுக் கும்பல் ஆள், கத்தியோடு பாய்ந்தான் என்று அவர் சொன்னார். கத்தி கிடைக்கவில்லை, அவர் மேல் கொலை வழக்கு வந்தது. உடனே ஊரில் பாதி அவரைத் திட்டியது, மீதிப் பாதி நேர்மையான அதிகாரிக்குத் துணை நிற்போம் என்று என்னிடம் பேனர் அடிக்கக் கொடுத்தது. இரண்டு பக்கத்துக்கும் அச்சடித்தவள் நான்தான். தொழில் என்று சொல்லிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் கேட்டிருந்த நினைவுப் படத்தை நீட்டினேன். பஞ்சர் கடை திறப்பு அன்று நான் எடுத்தது, வாயெல்லாம் பல்லாக அவள் கணவர் சிரிப்பார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, தோள்ல ஒரு கை இருந்துச்சே?"

இருந்தது. நினைவுப் படம் என்றால் பக்கத்து ஆளின் கையை அழித்து, அந்த இடத்தில் சட்டையை நிரப்பிவிடுவேன். இருபது வருடப் பழக்கம். அழிக்கும்போது யார் கை என்று யோசிக்கவே இல்லை. அன்று கடைக்கு ரிப்பன் வெட்டிய இன்ஸ்பெக்டர், கூடப் பிறந்தவர் மாதிரி அவர் தோளில் போட்ட கை அது. பேனருக்கும் நான் வெட்டியெடுத்தது அதே படத்தின் மறுபாதியைத்தான்.

"எங்க வீட்டுக்காரர முன்னப்பின்ன பாத்ததே இல்லன்னு இன்ஸ்பெக்டர் கோர்ட்ல சொல்றாரு. எனக்கு அந்தக் கை வேணும்க்கா."

அவர்களிடம் இருந்த படம் கணவரின் போனோடு போலீஸிடம் போய்விட்டதாம். திறப்பு விழாவுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்ட கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். படத்தின் பின்னால் என் கடை முத்திரை குத்தித் தர வேண்டும், எடுத்தவரே வந்து சொன்னால்தான் நிற்கும் என்று வக்கீல் சொன்னாராம்.

மூலப் படம் கணினியில் இருந்தது. காலையில்தான் என் வீட்டுக்காரர் அதில் இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டு அழிக்கச் சொல்லியிருந்தார். யாராவது சாட்சி கேட்டு வருவார்கள், நமக்கு எதற்கு ஊர் வம்பு என்று முத்திரையையும் பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார். சரி என்று தலையாட்டியவள், அழிக்கவும் மனம் வராமல், வைத்திருக்கவும் தைரியம் இல்லாமல் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன்.

அவள் பார்வை என்னைத் தாண்டிப் போனது. திரும்பிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரின் சிரிப்பு வந்துவிட்டிருந்தது.

இயந்திரத்தை நிறுத்தினேன். கோடு விழுந்தால் விழட்டும். முழுப் படத்தை அச்செடுத்தேன்.

"சீல் இல்லம்மா," என்றேன். அவள் முகம் செத்துவிட்டது.

படத்தைத் திருப்பி, எடுத்தவள் நான் என்று பேனாவால் எழுதி, பெயர், தேதி, முகவரி போட்டுக் கையெழுத்திட்டேன்.

"எந்தக் கோர்ட்டு? எத்தன மணிக்கு வரணும்?"

அவள் படத்தில் கணவரின் தோளில் கிடந்த அந்தக் கையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.