ஆண்டவர் நமக்கு என்ன முறை?

தோபா ஏரியின் மேட்டுக்கரையில் இருக்கும் ஹுத்தா சிதாபுவான் ஊர்க் கோயிலுக்கு ஒழுங்காக வருவது நாய்கள்தான். முதல் மணிக்கே வந்து கடைசி பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். மனிதர்கள் மழையைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, வெங்காய நடவைப் பார்த்து, பிறகு ஏரியைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மணி அடிப்பவர் மூப்பர் ஓம்பு சஹாலா. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. பேரன் சஹாலா பிறந்த அன்று அது காலாவதியாகிவிட்டது. ஓம்பு என்றால் தாத்தா; அங்கே தாத்தா ஆனவருக்குப் பேரன் பெயர்தான் பெயர்.

நான்கு குரலில் பாடாத பாட்டை அந்த ஊர்க்காரர்கள் பாட்டு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கோயிலுக்கு வரும் கொஞ்சம் பேரில் யாராவது ஒருவர் தும்மினால் ஒரு குரலே காணாமல் போகும். அடிக்குரல் எப்போதோ போய்விட்டது. அது வேலிக்கு அந்தப் பக்கம், போனார் என்பவரின் கள்ளுக்கடையில் இருந்தது. ஞாயிறு காலையில் போனாரும் அவருடைய வாடிக்கைக்காரர்களும் எடுத்துவிடும் பாட்டு ஏரியைத் தாண்டிப் போய் அக்கரை மலையில் முட்டும். எதிரொலி திங்கட்கிழமைதான் திரும்பி வரும். சிலசமயம் செவ்வாயும் ஆகியிருக்கிறது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மாவட்டப் போதகர் நைபாஹோ படகில் வந்து, காலியான பெஞ்சுகளைப் பார்த்து, காப்பி குடித்து, விஷயத்தைச் சொன்னார்.

"மூப்பரே, மனசு கஷ்டப்படாதீங்க. அறுப்பின் பண்டிகைக்கு வர்றேன். பாதி பெஞ்சாவது நிறைஞ்சிருந்தா சரி. இல்லேன்னா இந்தக் கோயிலைப் பூட்டிட்டு, நீங்க எல்லாரும் கீழே துறைமுகத்துக் கோயிலுக்கு வந்துடுங்க. மணியையும் கொண்டுவந்துடலாம்."

"மணி வராதுங்க. அது பிடிவாதக்காரப் பிறவி" என்றார் ஓம்பு சஹாலா.

அவருடைய கல்யாணமும் மகளின் ஞானஸ்நானமும் நடந்த கோயில் அது. அதைப் பூட்டும் நாளில் மணிக்கயிறு தன் கையில்தான் இருக்கும் என்ற நினைப்பு சோற்றை இறங்க விடவில்லை.

ஆனமட்டும் பார்த்தார். மணியை வழக்கத்தைவிட நீளமாக அடித்தார். ஏரி மீன்கள் கரைக்கு வந்து எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். பண்டிகைக்குப் பன்றி அடிப்போம் என்று ஆசை காட்டினார். "கறி வெந்ததும் சொல்லுங்க மூப்பரே, வந்துடறோம்" என்றார்கள்.

சிதாங்காங் குலத்தில் பிறந்த அவர் மனைவி தியாஸ் ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "ஊரையெல்லாம் ஆண்டவர் வீட்டுக்கு வா வான்னு கூப்பிடுறீங்களே, அந்த வீட்டுக்காரர்கிட்ட நீங்க கடைசியா எப்ப பேசினீங்க?"

"தினமும் ஜெபம் பண்றேனே."

"அது பேசறதா? மனப்பாடமா ஒப்பிக்கிறீங்க. நான் குறுக்கே காப்பி வேணுமான்னு கேட்டாக்கூட ஆமென்னு சொல்றீங்க."

அவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். போகிற வழியில் அது உண்மை என்று தெரிந்தது. ஜெபம் பண்ணும்போது உள்ளே நாக்கு இல்லாத மணியை இழுப்பது போலத்தான் இருந்தது, பல வருஷமாக. கயிறு ஆடும், சத்தம் வராது. பெஞ்சு காலியாவதற்கு முன்பே தான் காலியாகிவிட்டோமோ என்று பயந்தார்.

ஏனோக்கு ஆண்டவரோடு நடந்தான் என்று வேதத்தில் இருக்கிறது. சரி, நடந்துதான் பார்ப்போம் என்று மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரைப் பாதையில் கிளம்பினார்.

முதல் அடியிலேயே சிக்கல். அந்த மக்கள் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்தால் முதலில் குலம் கேட்பார்கள். பிறகு அம்மா என்ன குலம், பாட்டி என்ன குலம் என்று நூல் பிடித்துப் போய் முறை கண்டுபிடிப்பார்கள். முறை தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. மச்சான் முறை என்றால் தோளில் கை போடலாம். பெண் கொடுத்த வீட்டார் என்றால் தலை குனிய வேண்டும். ஆண்டவர் தனக்கு என்ன முறை? பிதா என்று வேதம் சொல்கிறது, ஆனால் பிதா என்று எல்லாரும்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ஊரில் பிதாவுக்கும் ஒரு குலம் வேண்டும்.

மரியாதையில் உச்சம் எதுவோ அதுவே என்று முடிவு கட்டினார். அங்கே உச்சம் பெண் கொடுத்த வீட்டார். கண்கண்ட தெய்வம் என்று சும்மா சொல்வதில்லை. அவர்களுக்கு முன்னால் நடக்கக் கூடாது, வளவளவென்று பேசக் கூடாது. ஆகவே ஓம்பு சஹாலா முன்னால் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு, குனிந்தபடி, வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தார். குறுகலான பாலம் வந்தபோது நின்று வழிவிட்டார். எதிரே வந்த எருமை அவர் முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றது என்று ஊரில் சொல்வார்கள். எருமையை யாரும் விசாரிக்கவில்லை.

பல காலைகள் இப்படி நடந்தார். முதுகு வலித்ததே தவிர உள்ளே சத்தம் வரவில்லை. பேசவே கூடாத உறவோடு எதைப் பேசுவது?

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கள்ளுக்கடைக்குப் போனார். முறை கண்டுபிடிப்பதில் அந்தக் கரையில் போனாரை அடிக்க ஆள் கிடையாது. இரண்டு கொசுக்களுக்கு நடுவே என்ன உறவு என்று கேட்டால் தாய்வழி, தந்தைவழி இரண்டும் சொல்வார்.

அவரைக் கண்டதும் யாரோ கிதாரைக் கீழே வைத்தார்.

"வழி தவறி வந்துட்டீங்களா மூப்பரே? கோயில் வேலிக்கு அந்தப் பக்கம்" என்றார் போனார்.

"கிண்டல் பண்ணாதே மச்சான். ஒரு முறை கேட்கணும். ஆண்டவர் நமக்கு என்ன முறை ஆகணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் முறை என்றால் விளையாட்டு இல்லை. போனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கல்யாண சம்பந்தம் ஏதாவது இருக்கா?"

"கிறிஸ்து மணவாளன். சபை அவருக்கு மணவாட்டி. வேதத்துல இருக்கு."

"சபைன்னா யாரு?"

"நாமதான்."

"அப்போ பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணு." போனார் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்போ பெண் கொடுத்தவங்க நாம. அவர் நம்ம வீட்டு மாப்பிள்ளை. சரியா?"



மாப்பிள்ளை என்றதும் காலில் தண்ணீர் ஊற்றி, மெத்தை போட்டு உட்கார வைக்கும் ஊர்கள் உண்டு. இது அந்த மாதிரி ஊர் இல்லை. இங்கே மாமனார் வீட்டு விசேஷம் என்றால் மாப்பிள்ளைதான் பன்றியை அறுக்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், அடுப்பு ஊத வேண்டும், எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பானை கழுவ வேண்டும். பந்தியில் அவனைத் தேடக் கூடாது. சமையல்கட்டில் தேட வேண்டும்.

"ஆண்டவர் நம்ம வீட்ல பானை கழுவுவாரா? உன் வாய் அழுகிடும்டா" என்று எழுந்தார் ஓம்பு சஹாலா.

"நானா சொன்னேன்? உங்க புஸ்தகம் சொல்லுது. நான் கூட்டிக் கழிச்சேன், அவ்வளவுதான்."

மறுநாள் காலை அவர் நடக்கப் போகவில்லை. அரிசி ஆலைக்குப் போனார். ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாதையில் மூச்சு வாங்கத் திரும்பி வரும்போது போனார் சொன்னது முள்ளாகக் குத்தியது. பாதி மேட்டில் சட்டென்று நின்றார். கடைசி இராப்போஜனத்தில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பாத்திரத்தோடு, ஒவ்வொருத்தன் காலாகக் கழுவிக்கொண்டு போனவர் யார்? எத்தனையோ பெரிய வியாழன் ஆராதனையில் அவரே எழுந்து நின்று வாசித்த பகுதி. மாப்பிள்ளை செய்கிற வேலை அது. ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றியதில்லை.

அப்படியென்றால் இத்தனை நாள் முன்னால் இடம் விட்டது தப்பு. மாப்பிள்ளை பின்னால் வருவார், சுமையோடு.

ஓம்பு சஹாலா திரும்பிப் பார்க்காமல், முறைப்படி, மாமனார் குரலில் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளே, இத்தனை வருஷமா எங்கே போயிட்டீங்க? கூப்பிட்டா சத்தமே இல்லே."

கேட்ட உடனே பதில் அவருக்கே தெரிந்துவிட்டது. சமையல்கட்டில்தான். இவர் கூடத்தில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டு, ஆளைக் காணோம் காணோம் என்று தேடியிருக்கிறார்.

அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. கோயிலைப் பூட்டப் போவதைச் சொன்னார். உள்ளே வறண்டு கிடந்ததைச் சொன்னார். போனாரைத் திட்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கண்ணில் நீர் வந்தது, ஏரிக் காற்று என்று வைத்துக்கொண்டார். வீடு வந்து சேர்ந்தபோது மூட்டையின் பாரமே தெரியவில்லை. தியாஸ் சந்தேகப்பட்டு மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இல்லை.

அன்று முதல் காலையில் ஏரிக்கரையில் அவர் குரல் கேட்க ஆரம்பித்தது. "வெங்காயம் விலை விழுந்துடுச்சு மாப்பிள்ளே. தியாஸுக்கு முழங்கால் வலி, கொஞ்சம் பாருங்க." கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு சண்டையாக மாறியது. ஆண்டவர் பெண் கொடுத்தவர்தான் என்று பாதி ஊர். மாப்பிள்ளைதான் என்று மீதி ஊர். கள்ளுக்கடையில் பாட்டு நின்று வேதம் புரட்டும் சத்தம் கேட்டது. அந்த மக்கள் கல்யாணத்துக்கு வராமல் இருந்தாலும் இருப்பார்கள், முறைப் பஞ்சாயத்துக்கு வராமல் இருக்க மாட்டார்கள். பண்டிகை அன்று போதகர் வருவார், அவரையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

அறுப்பின் பண்டிகை வந்தது. போதகர் நைபாஹோ பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மேடேறி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வந்தார். பெஞ்சுகள் நிறைந்து, ஜன்னலிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்க, நாய்கள் இடம் இல்லாமல் வாசலில் வருத்தத்தோடு நின்றன.

முதல் பாட்டுக்கு அடிக்குரல் சேர்ந்தபோது கூரைத் தகடு ஒரு முழம் எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

பிரசங்கம் தொடங்கியதும் போனார் எழுந்தார்.

"ஐயா, பிரசங்கம் எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல இதைச் சொல்லுங்க. ஆண்டவர் நமக்கு மாமனா, மாப்பிள்ளையா?"

நைபாஹோ கற்றவர்தான். ஆனால் அவரும் அந்த மண்ணில் பிறந்தவர், கேள்வியின் கனம் அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஒரு வசனம், இந்தப் பக்கம் ஒரு வசனம் என்று வாதம் ஏறியது. ஓம்பு சஹாலா எழுந்து, கால் கழுவின பகுதியை வாசித்தார். ஒப்பிக்கவில்லை, வாசித்தார்.

"சரி. மாப்பிள்ளைதான்னு வைங்க" என்றார் பெண் கொடுத்தவர் கட்சிக்காரர் ஒருவர், மனசில்லாமல். "அப்போ நாம எல்லாரும் பெண் வீட்டார்."

"ஆமா" என்றது ஊர், பெருமையோடு நிமிர்ந்து.

அப்போது தியாஸ், கறி வாசனை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "எல்லாரும் பெண் வீட்டாரா இங்கே உட்கார்ந்துட்டீங்க. பன்றிக்கறி யார் சமைக்கிறது?"

கோயிலுக்குப் பின்னால் இருந்த சமையல்கட்டில் அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை. அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று ஒவ்வொருத்தரும் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்கள். கட்டிப்போட்ட பன்றி மட்டும் அங்கே நிம்மதியாக இருந்தது.

போதகர் நைபாஹோ பிரசங்கத் தாளை மடித்தார். அங்கியைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார். வாசலில் தொங்கிய துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"நான் மாப்பிள்ளை வீட்டு ஆள். அவர் வேலைக்குத்தானே வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்கு நடந்தார்.

"ஐயா, ஐயா, நீங்களா" என்று ஓம்பு சஹாலா பின்னால் ஓடினார். மூப்பர் ஓடினால் மற்றவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பது? போனார் சட்டைக் கையை மடக்கினார். கொஞ்ச நேரத்தில் கோயில் காலியாகி, சமையல்கட்டு நிறைந்துவிட்டது. தண்ணீர் சுமந்தார்கள், அடுப்பு ஊதினார்கள். வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு வெங்காயத் தோட்டக்காரர்கள் ஒரே பானையைப் பிடித்துக் கழுவினார்கள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது, நான்கு குரலில் பாட்டு எழுந்தது. அன்று எதிரொலி அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது. கேட்கும் ஆசையில் ஓடி வந்திருக்க வேண்டும்.

பூண்டு நசுக்கக் கல் கிடைக்கவில்லை.

"கனமா ஏதாவது இருந்தா கொடுங்க ஐயா" என்றாள் தியாஸ்.

நைபாஹோ பையில் கை விட்டார். கையில் வந்த பித்தளைப் பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளிடம் கொடுத்தார். பூண்டு நசுங்கியது, நாக்கை மரக்க வைக்கும் காட்டுமிளகும் நசுங்கியது. சாவித் துவாரத்தில் புகுந்த பூண்டு இன்றுவரை வெளியே வரவில்லை. இனி எந்தச் சாவிக்கும் அது திறக்காது, மூடாது.

சாயங்காலம் படகுத்துறைவரை ஓம்பு சஹாலா கூடப் போனார்.

"பூட்டு வேணுமா ஐயா? கழுவித் தரச் சொல்றேன்."

"வேணாம். உங்க சமையல்கட்டுக்கே இருக்கட்டும்" என்றார் நைபாஹோ. படகில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். "மூப்பரே, பஞ்சாயத்து முடிஞ்சுபோச்சே. அடுத்த ஞாயிறு வருவாங்களா?"

"வருவாங்க ஐயா. பானை இன்னும் பாதி கழுவாம கிடக்கு."

படகு போன பிறகு அவர் அங்கேயே நின்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவருக்குப் பசி எடுத்தது. பந்தி பரிமாறியதில் தான் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

"நீங்களும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. வாங்க மாப்பிள்ளே" என்று சொல்லிவிட்டு மேடேறினார்.

வீட்டில் தியாஸ் இரண்டு தட்டு வைத்திருந்தாள். ஒன்று தனக்கு என்று பிற்பாடு சொன்னாள். ஓம்பு சஹாலா நம்பவில்லை.