மூன்று கிராம் கறுப்பு

தூண்டில் போடும்போது அண்ணன் திரும்பிப் பார்க்க மாட்டான். வலது கையில் ராடு இருக்கும். இடது கையைப் பின்னால் நீட்டுவான். நான் அதில் ஒரு ஜிக்கை வைப்பேன். எத்தனை கிராம், என்ன நிறம் என்று கேட்டதில்லை. மூன்று வருடமாக அப்படித்தான்.

ஜிக் பெரிய விஷயமில்லை. ஈயத் தலையையும் முள்ளையும் ஒன்றாக வார்த்த சின்னத் துண்டு. முள்ளில் ஒரு ரப்பர் வாலை மாட்டி, தூண்டில் நரம்பில் கட்டி, மேலே தக்கை வைத்து விட்டால் தண்ணீருக்குள் மீன்குஞ்சு போலத் துடிக்கும். குரவையும் விரால் குட்டியும் அதை நம்பும். ஆனால் தலையின் எடை சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். கூடினால் சேற்றில் போய் உட்கார்ந்துவிடும்.

எங்கள் வாய்க்காலில் எடையை முடிவு செய்வது தண்ணீர் முறைதான். மேட்டூரில் நீர் குறைவான வருடங்களில் பத்து நாள் தண்ணீர் விடுவார்கள், பத்து நாள் அடைப்பார்கள். அடைத்த நாட்களில் மதகுக்குக் கீழே உள்ள மடுவில் தண்ணீர் தேங்கித் தெளியும். ஒரு கிராம், வெள்ளை வால். திறந்துவிட்டால் செந்நிறத்தில் வேகமாக வரும். மூன்று கிராம், கறுப்பு. கலங்கலில் வெள்ளையைவிடக் கறுப்புதான் மீனுக்கு நிழலாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் பல நாட்கள் உண்டு. அதற்காக டிபன் பாக்ஸ் மூடியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, எத்தனை சாணில் மறைகிறது என்று நோட்டில் எழுதி வைப்பேன். நான் விலங்கியல் படித்தவள். மயிலாடுதுறையில் ஒரு மண் பரிசோதனை நிலையத்தில் வேலை. அளக்காமல் எனக்கு எதையும் சொல்லத் தெரியாது.

அண்ணன் வளவனின் யூடியூப் சேனலை இருபதாயிரம் பேர் பார்க்கிறார்கள். நான் எந்த வீடியோவிலும் இல்லை. இருக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. பின்னால் நீளும் அந்தக் கை எனக்குப் போதுமாக இருந்தது.

வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணியின் பெயர் குந்தவை. தஞ்சாவூர்க்காரி, பி.காம். முதல் மாதம் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் மாதம் கேமராவுக்கு முன்னால் வந்தாள். சத்தமாகச் சிரித்தாள். வளையல் குலுங்கினால் மீன் ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. அவள் வந்த முதல் வீடியோவுக்குக் கீழே நானூறு கருத்துகள். எல்லாவற்றையும் படித்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு மாலை, என் ஜிக் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சுடர், இது என்னம்மா, ஒரே கலவையா கெடக்கு? நான் கலர் கலரா பிரிச்சு வச்சிட்டேன் பாரு. அழகா இருக்குல்ல?"

நான் எடைப்படி அடுக்கியிருந்தேன். "நல்லா இருக்கு அண்ணி" என்றேன்.

அடுத்த ஞாயிறு மடுவில் அண்ணன் கையைப் பின்னால் நீட்டினான். எனக்கு முன்பாக அவள் ஒரு ஜிக்கை வைத்துவிட்டாள். இரண்டு கிராம், பச்சை வால். அன்றைக்குத் தப்பான ஜிக். அரை மணி நேரத்தில் ஒரு குரவை அதைக் கடித்தது. அண்ணன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். என்னிடம் அவன் ஒருநாளும் திரும்பியதில்லை.

"பார்றா! யாரு குடுத்தது?"

"நாங்கதான்" என்றாள் அண்ணி.

அன்றிலிருந்து கை நீளும்போது நான் சற்றுத் தள்ளி நின்றேன். அவளுக்கு அது தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு பத்து மணிக்கு லைவ் போவதாக அண்ணன் அறிவித்தான். "எந்தத் தண்ணிக்கு எந்த ஜிக், உங்க அண்ணி சொல்லுவாங்க." அந்த வரியை இரண்டு முறை படித்தேன். மதகு அடைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமைதான் திறப்பு.

அன்று காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். லஸ்கர் துரைராசு சைக்கிளில் வந்து காலை ஊன்றினார். எங்கள் பக்கத்து மதகுகளைத் திறப்பதும் அடைப்பதும் அவர்தான்.

"பாப்பா, முறைய மாத்திட்டாங்க. நேத்து ராத்திரிதான் சொன்னாங்க. இன்னைக்குப் பத்து மணிக்கே தொறந்து விடப் போறேன். அண்ணங்கிட்ட சொல்லிடு, மடுவுல எறங்கிக் கிறங்கி நிக்கப் போறான்."

"சரிங்க."

உள்ளே போனேன். அண்ணி கண்ணாடி முன் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் சின்னப் பெட்டி ஒன்று தயாராக இருந்தது. திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரு கிராம், வெள்ளை வால், மெல்லிய நரம்பு. தேங்கிய தண்ணீருக்கு மிகச் சரியான தேர்வு. கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"பெரிய பெட்டி வேணாமா அண்ணி?"

"எதுக்குமா சுமை? தண்ணி சும்மாத்தானே கெடக்கு. இது சரியா இருக்கா? நீதான் சொல்லணும்."

உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது. அதை நான் நன்றாக உணர்ந்தேன்.

"சரியா இருக்கு."

கரையில் மட்டும் நின்று போடச் சொல்லி அண்ணனை மடுவில் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு யோசித்த எனக்கு மிச்சத்தைச் சொல்லத் தோன்றவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது.

லைவ் தொடங்கியபோது நான் மூங்கில் புதர் ஓரம் நின்றேன். அண்ணி கேமராவைப் பார்த்துப் பேசினாள். "வணக்கம் மக்களே. தண்ணி எப்படி இருக்கு பாத்தீங்களா, கண்ணாடி மாதிரி. இந்த மாதிரி தண்ணிக்கு ஒரு கிராம் போதும்." அண்ணன் வீசினான். தக்கை அசையாமல் நின்றது.

துரைராசு வந்தார். மதகின் மேல் ஏறித் திருகைச் சுற்றினார். பலகை கிறீச்சிட்டு உயர்ந்தது. முதலில் நுரை வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர். தக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. ஒரு கிராம் ஜிக் தண்ணீரின் மேலேயே காகிதம் போல இழுபட்டு, எதிர்க்கரைக் கோரையில் மாட்டிக்கொண்டது. அண்ணி இன்னொன்றைக் கொடுத்தாள். அதுவும் போனது. மூன்றாவதில் நரம்பு அறுந்தது.

"என்ன இது, எல்லாம் ஒண்ணாவே இருக்கே?" என்றான் அண்ணன், இன்னும் கேமராவுக்காகச் சிரித்துக்கொண்டு.

"நான் தேங்கின தண்ணின்னுல்ல நெனச்சேன்" என்றாள் அவள். அவள் சிரிக்கவில்லை.

மேலிருந்து துரைராசு கத்தினார். "என்னப்பா வளவா, சின்ன முள்ளத் தூக்கிட்டு வந்து வெளையாடுற? பத்து மணிக்குத் தொறப்பேன்னு காலையிலயே பாப்பாகிட்ட சொல்லி விட்டேனே!"

லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். அவ்வளவு நாள் நான் விரும்பியது போல, முழுசாகத் திரும்பி.

"சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

"மறந்துட்டேன்."

"நீயா?"

அவன் போனை அணைத்தான். வேறு எதுவும் கேட்கவில்லை. அண்ணி அறுந்த நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். காற்றில் விழுந்த முடியை ஒதுக்கவும் இல்லை.

வீட்டில் பெரிய பெட்டியைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனான். "இனிமே நானே பாத்துக்குறேன். ரெண்டு பேரும் விடுங்க."

புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். அண்ணனுக்கு எடை பார்க்கத் தெரியாது. மூன்று வருடமாகக் கையை மட்டுமே நீட்டியவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அன்று இரவு சோறு நன்றாக இறங்கியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் வேலைக்குப் போகும் வழியில் தினமும் மதகில் இறங்கி மூடியை விட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெள்ளி காலை ஒரு சாணுக்குள்ளேயே மறைந்தது.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

"நீ மறக்கல. தெரியும்."

நான் ஒரு சட்டையின் கையை மடித்தேன்.

"என் ஆத்திரத்துக்கு அன்னைக்கே கேட்டிருப்பேன். உங்க அண்ணன் கேக்கட்டும்னு விட்டேன். அவரு கேக்கல. உன்ன அவரு எதுவும் சொல்ல மாட்டாரு, இல்ல?" இன்னொரு துண்டை எடுத்தாள். "சரி, சொல்லு. இந்தத் தண்ணிக்கு எது?"

பொய் சொல்லலாம். ஒரு கிராம் குறைத்துச் சொன்னால் போதும். ஆனால் காலையில்தான் அளந்திருந்தேன். அளந்த பிறகு தப்பாகச் சொல்ல வாய் வரவில்லை.

"மூணு கிராம். கறுப்பு. தக்கையை ஒரு முழம் மேல ஏத்திக் கட்டுங்க. ஓட்டத்துல வீசக் கூடாது, மதகுச் சுவரு ஓரம் சுழியுற எடத்துல போடணும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மடித்த துண்டுகளை நான் மறுபடி மடித்தேன்.

ஞாயிறு காலை பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. பதினொரு மணிக்கு அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. முழங்கை நீள விரால். கறுப்பு வால் அதன் வாயோரம் தெரிந்தது.

"எந்த ஜிக்?" என்று அனுப்பினேன்.

"மூணு கிராம் கறுப்பு. உன் அண்ணி தானா யோசிச்சு எடுத்துக் குடுத்தா. கலக்கிட்டா."

அந்தப் பதிலை நாலு முறை படித்தேன். நான் சொன்னதை அவள் அவனிடம் சொல்லவில்லை. ஐந்தாவது முறை படிக்கும்போது காரணம் புரிந்தது. சொல்லியிருந்தால் அவன் மறுநாளே என்னை அழைத்துப் போயிருப்பான். அதை அவள் விரும்பவில்லை. மூன்று வருடமாக நீண்டிருந்த கையில் என் பங்கு எவ்வளவு என்று அவளும் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவர்கள் திரும்பியதும் விராலைக் கொல்லையில் போட்டார்கள். அண்ணி அரிவாள்மனையை எடுத்து வந்தாள். நான் சாம்பல் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணன் கை கழுவிக்கொண்டு நின்றான்.

"நல்லா யோசிச்சு எடுத்திருக்கீங்க அண்ணி" என்றேன், அவன் காதில் விழும்படி.

அவள் மீனின் தலையைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். காது மடல் சிவந்திருந்தது. நான் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது.

"உப்பு எடுத்துட்டு வா சுடர்" என்றாள் மெதுவாக.

எடுக்கப் போனேன். புதன்கிழமை மதகு அடைத்துவிடுவார்கள். தண்ணீர் தெளியத் தொடங்கும், எடை மாறும். அவள் என்னிடம்தான் கேட்க வர வேண்டும். உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு சமையலறையில் சற்று நேரம் சும்மா நின்றேன்.

"சுடர், உப்பு!"

"வரேன் அண்ணி" என்றேன். அவசரப்படவில்லை.