சாவிக்காரரின் மூன்று பதில்கள்

நூலகங்களுக்கான இலவச மென்பொருள் ஒன்றை நாற்பது பேர் சேர்ந்து எழுதி வந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததும் கிடையாது. யார் எதை எழுதினாலும் அது ஒரே ஒரு பொதுக் கணினிக்குப் போய்ச் சேரும். அங்கே சோதனை ஓடி, தேறினால் வெளியாகும். அந்தக் கணினி இருந்தது ஒருவருடைய வீட்டில். கடவுச்சொற்கள் எல்லாம் அவரிடமே இருந்ததால் அவருக்குச் சாவிக்காரர் என்று பெயர்.

கணினியின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாக ஒரு வாரமே இருந்தது. அது தீர்ந்தால் யாரும் அந்தக் கணினியோடு இணைய முடியாது. புதுப்பிக்கச் சொல்லி எழுதியவர்களுக்கெல்லாம், "பார்த்துட்டேன். சரியா வந்தா வெளியிடுறேன்" என்று பதில் வந்தது. எப்போதுமே அளந்து பேசுகிற மனிதர் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் சான்றிதழ் மட்டும் மாறவில்லை; குழுவில் ஒருவரான, அதே ஊரில் இருந்த நூலகர் அம்மாவைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள்.

கதவைத் திறந்தவர் சாவிக்காரரின் தங்கை. தையல் வேலை செய்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"அண்ணன் தவறி நாலு மாசம் ஆச்சுங்க."

நூலகர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். "முந்தாநாள்கூட எனக்குப் பதில் போட்டாரே?"

தங்கை உள்ளறைக்கு அழைத்துப் போனார். மேசைக்கடியில் கணினி. நாற்காலி முதுகில் ஒரு சட்டை. இருவரும் நின்றுகொண்டிருக்கும்போதே கணினியின் விசிறி மெல்ல வேகமெடுத்து இரைந்தது.

"யாரோ எதையோ அனுப்பியிருக்காங்க," என்றார் தங்கை. "அப்பப்போ இப்படித்தான் மூச்சு வாங்கும்."

திரை பூட்டப்படாமல் இருந்தது. நூலகர் தேடிப் பார்த்தார். வருகிற கடிதங்களுக்குத் தானாகப் பதில் போட ஒரு சின்ன நிரலைச் சாவிக்காரர் எழுதி வைத்திருந்தார். மொத்தம் மூன்றே வாக்கியங்கள். "பார்த்துட்டேன்" என்பது அதில் முதலாவது. நூலகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உடனே இன்னொன்று ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், தன் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இந்த முறை தன்னால் சோதித்துத் தர முடியாது என்று எழுதியிருந்தார். "வேலை கிடக்கட்டும். நீங்க சாப்பிட்டீங்களா?" என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைப் படித்துவிட்டுத்தான் அன்று முதல்முறையாக அழுதார். அந்த வாக்கியம் அந்த மூன்றில் இல்லை.

நிரலை மேலும் கீழும் இரண்டு தடவை படித்தார். இல்லை. "சாப்பிட்டீங்களான்னு கேட்டது இதுல இல்லையே," என்று முணுமுணுத்தார். விசிறி இரைந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அது நான் எழுதினது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தங்கை நாற்காலியில் இருந்த சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "சத்தம் கேட்டா வந்து உக்காருவேன். கடிதமெல்லாம் படிப்பேன், ஒண்ணும் புரியாது. உங்களோடது ஒண்ணுதான் புரிஞ்சுது."

"அவர் போயிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"சொன்னா வந்து இதை நிறுத்திடுவீங்க. இது ஓடுற வரைக்கும் உங்க யாருக்கும் அவர் போகலை. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

நூலகர் அன்றே சான்றிதழைப் புதுப்பித்தார். குழுவுக்கு உண்மையை எழுதினார். ஒரு கல்லூரி இடம் கொடுத்தது; ஆறு வாரத்தில் எல்லாம் அங்கே மாறியது. சாவி இப்போது மூன்று பேரிடம். ஆனாலும் புது இயந்திரம் சோதனை முடிவாக வெறும் எண்களை மட்டும் திருப்பி அனுப்பிய முதல் நாளில், உண்மை தெரிந்த ஒருவரே, "சாவிக்காரர் ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்று எழுதிவிட்டு, அரை நிமிடத்தில் அழித்தார்.

பழைய கணினியை நிறுத்த நூலகர் மறுபடி அந்த வீட்டுக்குப் போனார். பொத்தானைத் தங்கையே அழுத்தினார். விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. தங்கை குனிந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னும் சூடா இருக்கு," என்றார்.

நூலகரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அது ஆறும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.