விண்வெளி வீரரின் வழக்கமான பேச்சு

விண்வெளி நட்புறவு விழா என்று பெயர் வைத்துவிட்டு ஊர் ஊராக இழுத்தடித்தார்கள். அயல்நாட்டிலிருந்து வந்த விண்வெளி வீரர் ஒருவர். அவர் பேச்சை நம் மொழியில் சொல்ல மொழிபெயர்ப்பாளராக ஒருத்தி. எங்கே போனாலும் அதே பூங்கொத்து, வெள்ளிக்காகித உடையில் அதே நடனம், அதே பேச்சு. மனிதர் விண்வெளியில்கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டார்.

இந்தக் கல்லூரி அரங்கம்தான் கடைசி. மேடையேறுமுன் அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் எடுத்தான்.

"குட்டிகிட்ட குடுங்க."

"அம்மா பேசணுமாம், வாடா கண்ணு..." என்று கூப்பிட்டுப் பார்த்தான். "வர மாட்டேங்குறா. பொம்மையத் தூக்கிக்கிட்டு மூலையில உக்காந்துட்டா."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க."

"ரெண்டு வயசுப் பிள்ளை. நீ நேர்ல வந்தா சரியாயிடும்."

"அப்பவும் வரலன்னா?"

அவன் பதில் சொல்வதற்குள் விழாப் பொறுப்பாளர் கதவைத் தட்டினார். "மேடம், சீக்கிரம் வாங்க. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

வீரரின் பேச்சு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பூமியின் நீலம், காற்றில் மிதக்கும் பற்பசை, கடைசியாக, திரும்பி வந்ததும் மகள் ஓடி வந்தது. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. மனசு வீட்டு மூலையில் கிடந்தது. "என் பொண்ணு ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டா" என்றாள். அரங்கம் கைதட்டியது.

கைதட்டலைக் கேட்டு வீரர் திருதிருவென்று விழித்தார். அவர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை ஊரிலும் மகளைப் பற்றிச் சொன்னது பொய், இன்றாவது உண்மையைச் சொல்கிறேன் என்று அந்த மனிதர் மனம் திறந்திருக்கிறார்!

அப்படியே விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பொறுப்பாளர் வேறு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஆனால் வீரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிக்கணும், நான் தப்பாச் சொல்லிட்டேன். அவர் சொன்னது வேற" என்று மைக்கை இழுத்தாள். பேசுபவரின் இடத்தில் நின்று 'நான்' என்றே சொல்வது அந்தத் தொழிலின் முறை. "நான் திரும்பி வந்தப்ப என் பொண்ணு என்கிட்ட வரல. யாரோன்னு பயந்து அழுதுட்டா."

ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அப்புறம் எப்பங்க வந்தா?" என்று கேட்டாள்.

இவள் அதை வீரரிடம் அவர் மொழியில் கேட்டுவிட்டு, நல்ல பதிலாக வரவேண்டுமே என்று அவர் வாயையே பார்த்தாள். தனக்காகக் கேட்ட கேள்வி மாதிரிதான் இருந்தது அவளுக்கு.

வீரர் சுருக்கமாகத்தான் சொன்னார். அதைத் திருப்பிச் சொல்ல அவளுக்குத்தான் நேரம் பிடித்தது.

"அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சுங்க. இப்பவும் நான் உள்ள வந்தா, விருந்தாளி வந்த மாதிரி எந்திரிச்சு நிக்கிறா."