மைரேயின் பத்தொன்பது வயதுக் குரல்

மைரே கல்யுலா "ஜூலை மழை" பாடியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சோவியத் காலம் முடியும் தறுவாய். அந்தக் கோடையில் தலைநகர் தாலினில் ஜன்னல் திறந்திருந்த வீடெல்லாம் அந்தப் பாட்டுதான். மெட்டுப் போட்ட ரைவோவையே அவள் கட்டிக்கொண்டாள். சில வருஷத்தில் விவாகரத்தும் ஆயிற்று. ஆனாலும் நிகழ்ச்சிகளைப் பிடிப்பவன் அவன்தான், வேனை ஓட்டுபவனும் அவன்தான். நான், ஆகோ, அவர்களிடம் கீபோர்டு வாசித்தேன். கல்யாணத்திலிருந்து வெளியே வந்தவளுக்கு அந்தப் பாட்டிலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை.

அவள் வேறு பாட்டு எழுதாமல் இல்லை. இரண்டு ஆல்பங்கள் வந்தன. வானொலிக்காரர்கள் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு பழையதையே ஒலிபரப்பினார்கள். ஒருமுறை பல் மருத்துவர், அவள் வாயைத் திறந்து வைத்துப் படுத்திருக்கும்போதே, முழுப் பாட்டையும் பாடிக் காட்டினார்.

ஐம்பதை நெருங்கும்போது தொண்டை கெட்டது. அந்த வருஷம் மேடையில் பாடவே கூடாது என்று தார்த்துவில் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் கோடை நிகழ்ச்சிகளுக்கு ரைவோ முன்பே ஒப்புக்கொண்டிருந்தான். பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்து வந்தான்.

"நீ வாய மட்டும் அசை. மத்தத அந்தப் பொண்ணு பாத்துக்குவா."

"எந்தப் பொண்ணு?"

"நீதான். அப்ப இருந்த நீ."

மைரே சிரிக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அந்தப் பாட்டுக்காகப் படிப்பை விட்டவள். வேறு தொழில் தெரியாது.

முதலில் வோரு என்ற ஊரில் அப்படிச் செய்தோம். குரலுக்கு வயதே ஆகவில்லை என்று ஜனங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அவள் கிசுகிசுப்பாக நன்றி சொன்னாள். திரும்பும் வழியில், கழுத்தைச் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அவ எங்க மூச்சு வாங்குறாளோ அங்கதான் நானும் வாங்கணும், ஆகோ. எனக்கு மூச்சு முட்டுது."

ஹாப்சலுவில் கோட்டை முற்றத்தில் நல்ல வெயில். இரண்டாவது சரணத்தின் நடுவில் மைரே வாயை மூடிக்கொண்டாள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. மைக்கைத் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கி, கூட்டத்தின் நடுவே வாசலை நோக்கி நடந்தாள். ஜனங்கள் விலகி வழிவிட்டு, கைதட்டிக்கொண்டே கூடச் சேர்ந்து பாடினார்கள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

நாங்கள் போனபோது அவள் வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் போயிட்டேன், ரைவோ. பாத்தல்ல?"

"பாத்தேனே. எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. பார்னுவுலயும் இதையே செய்யி. எறங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பிப் பாத்தீன்னா இன்னும் எடுப்பா இருக்கும்."

"நான் நெஜமாவே போனேன்."

"அதான் நல்லா இருந்துச்சு."

பார்னுவில் அவள் வேனை விட்டு இறங்க மறுத்தாள். நானும் கூடவே இருந்தேன். கூட்டம் பொறுமையிழந்ததும் ரைவோ ஒலிப்பதிவை ஓடவிட்டான். கடற்கரை முழுக்க அந்தப் பெண் பாடினாள். மைரே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் சுருதி லேசாக விலகும், இத்தனை வருஷத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றாள். பிறகு கதவைத் திறந்து போய் மேடையேறி, வாயசைத்து, ரைவோ சொன்ன மாதிரியே திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அந்தக் கோடையில் போன ஊரிலெல்லாம் அப்படியே செய்தாள்.

இலையுதிர் காலத்தில் தொண்டை ஆறியது. குரல் தாழ்ந்து, கரகரப்பாக வேறு மாதிரி ஆகியிருந்தது. என்னை வீட்டுக்கு அழைத்து, தான் எழுதிய புதுப் பாட்டொன்றைப் பாடினாள். கூடவே கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை ரைவோவுக்குப் பாடிக் காட்டியாயிற்று என்றாள். கேட்டுவிட்டு, அடுத்த கோடைக்கும் ஒலிப்பதிவே போதும் என்று சொல்லிவிட்டானாம்.

நான் கிளம்பும்போது கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அம்மாள்.

"உள்ள யாரு பாடினது?"

மைரே கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தெரிஞ்சவங்க."

"நல்லாத்தான் பாடுறாங்க. ஆனா உங்க கொரல் மாதிரி வராது."

மைரே நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஜூன் மாதம் வேன் வந்தபோது அவள் ஏறிக்கொண்டாள். நானும்தான்.