களிமண் முகம்

"உலோகமோ?" என்று தகனச்சாலை ஊழியர் தக்ஷிகாவின் கையிலிருந்த முகச்சிலையை விரலால் தட்டிப் பார்த்தார். சுடாத களிமண் என்று அவள் ஜெர்மனில் சொன்னாள். அப்படியென்றால் சவப்பெட்டிக்குள் வைக்கலாம் என்று தலையாட்டிவிட்டு அவர் வெளியே போனார்.

அம்மா பரமேஸ்வரிதான் விடவில்லை.

"உந்தப் பேய்முகம் பெட்டிக்குள்ளை போகாது. சொல்லிப்போட்டன்."

துருத்திய கண்கள். சிறகு மாதிரிக் காதுகள். அந்தக் காது வரைக்கும் கிழிந்த வாய். லாங்கன்தால் ஊரில் தண்ணீர்க் குழாய்க்குத் தான் குழி வெட்டிய இடத்துக் களியைச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்து, பல்கனியில் குந்தியிருந்து அப்பா தவச்செல்வன் பிசைந்தது. நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன காலையிலும் அதன் காதைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். "அதையும் என்னோடை அனுப்பிவிடு பிள்ளை" என்பதுதான் அவர் கடைசியாகக் கதைத்தது.

"அண்ணைக்கு ஒரு சாமிப்படம் வைப்பம், அண்ணி," என்றார் சித்தப்பா சச்சிதானந்தன். "உதைக் கண்டால் ஐயரும் பேசுவார்."

"இருபத்தாறு வருசமா ஊருக்கு, நல்லூர்த் தேருக்குப் போவம், போவம் எண்டவர்," என்றாள் அம்மா. "ஒரு மாச லீவு கிடைச்ச உடனை சீனாவுக்கு ஓடினார். அதுவும் வாயிலை நுழையாத ஊருக்கு."

"குவாங்ஹான், அம்மா."

தக்ஷிகாதான் கூடப் போனவள். சின்ன ஊர். வயல்களுக்கு அடியில் மூவாயிரம் வருடம் கிடந்திருக்கின்றன இதே துருத்திய கண்களோடு வெண்கல முகங்களும், யானைத் தந்தங்களும், இரண்டாள் உயர வெண்கல மரமும். முதல் பொருளைக் கண்டெடுத்தது வாய்க்கால் வெட்டிய ஒரு விவசாயி என்று வாசித்த பிறகுதான் அப்பா டிக்கெட் எடுத்தார். அங்கே எல்லோரும் முகங்களைப் படம் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் அவை புதைந்து கிடந்த குழியின் விளிம்பில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

"மெசின் இல்லை. வெட்டு எவ்வளவு நேர் எண்டு பார். உவங்கள் வேலைகாரர்."

இன்னொருவன் வெட்டிய குழியை அவர் புகழ்ந்து அவள் அதுவரை கேட்டதில்லை.

"அங்கை அந்த முகங்களை எரிச்சு, உடைச்சுத்தானம்மா புதைச்சிருக்கிறாங்கள்," என்றாள் தக்ஷிகா. "அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை, தாங்களே நெருப்புக்குக் குடுத்திருக்கிறாங்கள். 'செய்யவும் தெரிஞ்சிருக்கு, விடவும் தெரிஞ்சிருக்கு' எண்டு அப்பா வழி முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தவர்."

அம்மா அப்பாவின் கையைப் பார்த்தாள். குளிப்பாட்டி, பட்டுவேட்டி கட்டி, திருநீறு பூசியாகிவிட்டது. நகக்கண்ணில் மட்டும் சாம்பல் நிறக் களி போகவில்லை.

"வை," என்றாள். "கால்மாட்டிலை வையாதை. நெஞ்சிலை வை."

தக்ஷிகா முகத்தை அப்பாவின் நெஞ்சில் வைத்தாள். சித்தப்பா வாய்க்கரிசித் தட்டை நீட்டினார்.

அம்மா அள்ளி அப்பாவின் வாயில் போட்டாள். அடுத்தவருக்கு இடம்விடாமல் அங்கேயே நின்றாள். விரல்களில் நாலைந்து மணி ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, அவற்றைக் களிமண் வாயின் பிளவுக்குள் வைத்து, உதிராதபடி பெருவிரலால் அழுத்திவிட்டாள்.